செத்த காலேஜில் ஒரு புதன்கிழமை

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. எண்பத்தேழாம் வருஷக் கோடையில் ஒரு வாரப் பத்திரிகைக்காரர்கள் தங்கள் விடுமுறை மலருக்கு என்னிடம் எழுதிக் கேட்டிருந்தார்கள். ‘குடும்பத்தோடு பட்டணம்: பார்க்க வேண்டிய இடங்கள், இளைப்பாற வேண்டிய பூங்காக்கள்’ என்பது அவர்கள் கொடுத்த தலைப்பு. நான் அம்பத்தூரில் குடியிருப்பவன். எங்களுக்குப் பட்டணம் என்பது ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு, ரயிலேறித் திரும்பி வருகிற இடம். அதனால் என்னைக் கேட்டது சரிதான் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். மிருகங்கள் இருக்கும் தோட்டம் உயிர் காலேஜ். உயிர் காலேஜை அதற்குள் வண்டலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே செத்த காலேஜுக்குப் போனேன். அங்கே ஒரு கூடத்தில், கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு ஒரு பெண் தன் புருஷனிடம், “ஆமாய்யா, எவ்ளோ அழகா கீது!” என்றாள். அவள் குரல் நடுங்கியது. அழகைப் பார்த்து யாருக்கும் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் திரும்பும் ரயிலில் அதே இருவரும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. நான் அம்பத்தூரில் இறங்கிவிட்டேன். ரயில் அவர்களை ஆவடிப் பக்கம் கொண்டுபோயிற்று.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. மற்றதெல்லாம் நான் கட்டியது. பேரும் ஊரும் நான் வைத்தவை. கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை.

2

முதல் வாக்கியத்துக்கு நான் பட்ட பாட்டைப் பாருங்கள்.

‘சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து சற்று நடந்தால், நெடிய மரங்கள் நிழல் பரப்பும் மைலேடி பார்க் பயணிகளை—’

(இது கட்டுரையின் வாக்கியம். இதில் மரம் இருக்கிறது, மனிதர் இல்லை.)

‘அங்கம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பூங்கா என்றால் உயிர். பூக்களின் நடுவே அவள்—’

(பொய். அங்கம்மா ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் அம்மா அப்பா நாற்று நட்ட நிலமெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. பச்சையைப் பார்க்கக் காசு செலவழித்து ரயிலேறிப் போவது அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.)

‘வேம்புலி குடிக்கிறான் என்பது தெருவுக்கே தெரியும்.’

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

3

வேம்புலி குடிக்கிறான் என்பது தெருவுக்கே தெரியும். அங்கம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு சின்னக் கம்பெனியில் வேம்புலி பவர் பிரஸ் ஓட்டினான். தகட்டை அச்சின்மேல் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. கை எடுப்பதும் கால் மிதிப்பதும் மாறிப்போனால் விரல் போய்விடும். அந்தக் கம்பெனியில் விரல் போனவர்கள் இருந்தார்கள்.

சில மாதமாக அவன் இருட்டும் நேரத்தில் வீடு திரும்பினால் தள்ளாடினான். சாக்கடை ஓரம் தடுமாறினான். பக்கத்து வீட்டு மாட்டின் மேல் மோதிக்கொண்டான். எதிரே வந்தவர்களைக் கண்டும் காணாமல் போனான். தெரு முடிவு கட்டிவிட்டது. அங்கம்மா அவன் சட்டையை மோந்து பார்த்தாள். தூங்கும்போது வாயருகே குனிந்து மோந்தாள். எண்ணெயும் இரும்பும்தான் மணத்தன. குடிக்காதவன் எதற்குத் தள்ளாடுகிறான் என்ற கேள்வி அவளைச் சோறு தின்னவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேம்புலி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கங்காதரன் வந்தான். பக்கத்து பிரஸ்ஸில் வேலை செய்பவன்.

“அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லாதே. மச்சான் ரெண்டு தபா கைய உள்ள வச்சிகினே பெடல மிதிக்கப் போய்ட்டான். நான் கத்துனதால தப்பிச்சான். தகடு பக்கத்துலதான் கீது, கையால தடவித் தடவித் தேடுறான். சரக்கு உட்டுகினு வேலைக்கு வரானான்னு மேஸ்திரி வரதன் கேட்டாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரில.”

“குடிக்கலியேப்பா அவரு.”

“அப்போ இன்னா அண்ணி அது?”

 அன்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பெயர் வைக்கப் பயந்தாள்.

(இங்கே ஒரு பக்கம் அவளுடைய பயத்தை விவரித்து எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பயந்தவர்கள் பயத்தை விவரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஏதாவது செய்யக் கிளம்பிவிடுவார்கள்.)

அந்த வாரம் மின்வெட்டினால் கம்பெனிக்குப் புதன்கிழமை லீவு. செவ்வாய் சாயங்காலம் அங்கம்மா சொன்னாள்: “நாளிக்கு என்னச் செத்த காலேஜிக்கு இட்டுகினு போய்யா.”

“இன்னாமே திடீர்னு?”

“கல்யாணம் ஆனதுலேந்து எங்கனா இட்டுகினு போயிக்கிறியா நீ?”

அது உண்மையானதால் அவனால் மறுக்க முடியவில்லை. எழும்பூரில் செத்த காலேஜுக்கு எட்டின தூரத்தில் பெரிய கண்ணாஸ்பத்திரி இருக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை.

4

மகள் ராணியை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு, ஆவடியில் ரயிலேறினார்கள். செத்த காலேஜ் திறக்க நேரம் இருந்ததால் முதலில் மைலேடி பார்க்கில் போய் உட்கார்ந்தார்கள்.

* பூங்காவைப் பற்றி: பத்திரிகைக்காக நான் எடுத்துவைத்த விவரங்கள் இவை. பழைய மரங்கள், வட்டமான பூப்பாத்திகள், சிமெண்டு பெஞ்சுகள். பாதையோரம் கணுக்கால் உயரத்துக்கு வளைத்து நட்ட இரும்புக் கம்பிகள். கடைசி விவரத்தை மட்டும் கதைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நல்ல வெயில். வேம்புலி காலை நீட்டி உட்கார்ந்து, தூரத்தில் இருந்த ஒரு பலகையைக் காட்டினான்.

“‘புல்தரையில் நடக்காதீர், பூக்களைப் பறிக்காதீர்.’ பாத்தியா, நாம பறிச்சிகினு பூட்ருவோம்னு பயந்துகினு கீறானுங்கோ.”

அங்கம்மாவுக்குத் திக்கென்றது. அந்தப் பலகை அவள் கண்ணுக்கே வெறும் பச்சைத் தகடாகத்தான் தெரிந்தது. இவன் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறான். அப்படியானால் கண் நன்றாக இருக்கிறது. கண் நன்றாக இருந்தால்? தெரு சொல்வதுதான் சரியா? வாசனை தெரியாதபடி குடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? கையில் எடுத்த புளிசாதத்தைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தாள். கண் கெட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தவள், கண் நன்றாக இருக்கிறதே என்று கலங்கினாள்.

“இன்னாமே, துன்னாம பார்த்துகினே கீற?”

“ஒண்ணுமில்ல. போலாம்.”

எழுந்து நான்கு எட்டு வைத்திருப்பான். கணுக்கால் உயரக் கம்பியில் இரண்டு காலும் மாட்டிக் குப்புற விழுந்தான், பூப்பாத்திக்குள். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், “காலங்காத்தால போட்டுட்டு வந்துடறாங்க” என்று காதில் விழும்படி சொன்னார். வேம்புலி மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அந்தப் பெரியவர் சொன்னதை மறுக்கவில்லை. மறுக்காமல் சிரித்ததுதான் அங்கம்மாவுக்கு உறுத்தியது.

ரோட்டைக் கடக்கும்போது இடதுபக்கத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. வேம்புலி நேராகப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தான். அவள் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். ஆட்டோக்காரன், “ஊட்ல சொல்ட்டு வந்துட்டியா?” என்று கத்திவிட்டுப் போனான்.

பலகையைப் படிக்கிறவனுக்கு ஆட்டோ எப்படித் தெரியாமல் போகும்? அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. ஒரு கண் டாக்டரிடம் விசாரித்தபிறகுதான் இந்தப் பகுதியை எழுத முடிந்தது. அவர் சொன்னதை ஏழாவது பகுதியில் சொல்கிறேன். அங்கம்மாவுக்குத் தெரியும் முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

5

செத்த காலேஜ்.

வெளியே அடித்த வெயிலிலிருந்து உள்ளே போனால் யாருக்குமே ஒரு கணம் இருட்டும். அங்கம்மாவுக்கு அது சீக்கிரமே தெளிந்துவிட்டது. வேம்புலி வாசற்படியிலேயே நின்றான். வேட்டியைச் சரிசெய்வதுபோல நின்றான். மூக்கைச் சிந்துவதுபோல நின்றான்.

“வாய்யா.”

“நீ முன்னால போ. பொம்பளைங்க முன்னால போறதுதான் மரியாதி.”

அந்த மரியாதையை அவன் இதற்குமுன் காட்டியதில்லை.

அவர்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் உரத்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். “இது திமிங்கலத்தோட எலும்புக்கூடு. மேல பாருங்க!” பின்னாலேயே வேம்புலி, “மேல பாரு, அங்கம்மா, திமிங்கிலம்! எம்மாம் பெருசு!” என்றான். டீச்சர் கல்வெட்டு என்றால் இவனும் கல்வெட்டு என்றான். டீச்சர் ராஜாக்கள் காலத்து வாள் என்றால், “அத்த தூக்கறதுக்கே நாலு பேர் வேணும்” என்றான். அங்கம்மாவுக்குக்கூட ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. இவன் நன்றாகத்தான் இருக்கிறான், நாம்தான் பேஜார் பண்ணிக்கொள்கிறோம் என்று தோன்றியது.

வெண்கலச் சிலைகள் இருந்த கூடத்துக்குள் வந்தபோது டீச்சர் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். சத்தம் அடங்கிவிட்டது. வேம்புலியும் அடங்கிவிட்டான்.

கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கூடத்தில் வெளிச்சம் குறைவு. ஒரு பெட்டியின் சிலையை வேறெங்கோ எடுத்துப்போயிருந்தார்கள். உள்ளே பட்டுத் துணி விரித்த பீடம் மட்டும் இருந்தது.

அங்கம்மா அந்தப் பெட்டியின் முன் நின்றாள். கேட்பதா வேண்டாமா என்று யோசித்தாள். கேட்டாள்.

“இது இன்னாய்யா?”

வேம்புலி கண்ணாடிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனான். சற்று நேரம் பார்த்தான்.

“நடராசர்தான். வேற இன்னா? காலத் தூக்கிகினு கீறாரு பாரு.”

[இங்கே என் வரைவில் அவள் அழுதாள். அடித்துவிட்டேன். இன்னொரு வரைவில், ‘யோவ், உள்ள ஒண்ணுமே இல்லியே!’ என்று கத்தினாள். அதையும் அடித்துவிட்டேன். அவள் சொன்னது நான் என் காதால் கேட்டது. அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.]

“ஆமாய்யா,” என்றாள், “எவ்ளோ அழகா கீது!”

6

வெளியே மரத்தடியில் குந்தினார்கள். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் கை நீண்டது அவன் பார்வையில் படவில்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. பாட்டிலை அவன் கைமேல் வைத்தாள்.

“அந்தப் பொட்டில ஒண்ணும் இல்ல, அப்டித்தானே?” என்றான் வேம்புலி.

அவள் தலை குனிந்தாள்.

“நீ அழகுன்னு சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சிட்ச்சி. எங்கூட இத்தினி வருசம் கீற. ஒரு சாமானயாவது அழகுன்னு சொல்லிக்கிறியா நீ? ஊட்டுக்கு டிவி வாங்கியாந்தப்பகூட, வைக்க எடமில்லன்னுதான சொன்ன.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “எத்தினி நாளாய்யா?”

“போன வருசம் தீவாளிக்கு முன்னாலேந்து. நேரா பாத்தா தெரியுது. சுத்திலும் தெரில. ஒரு குழா வழியா பாக்கறா மாதிரி. வெளக்கு வச்சிட்டா அதுவும் பூட்து.”

“எங்கிட்ட சொன்னா இன்னா?”

“சொல்லி?”

“குடிக்கிறன்னு ஊரே பேசுது. நீயும் கேட்டுகினு சிரிக்கிற.”

“பேசட்டும்மே. மெய்யாலுமே நல்லதா போச்சின்னு இருந்தேன். குடிகாரன்னா மேஸ்திரி நாலு வார்த்த திட்டுவாரு, அப்பால வேலைல உட்ருவாரு. எங்க கம்பெனில பாதிப் பேரு குடிக்கிறவந்தான். கண்ணு தெரியாதவன எவன் உள்ள உடுவான்?”

அங்கம்மா இதற்குப் பதில் தேடினாள். கிடைக்கவில்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

“கங்காதரன் வந்தாரு,” என்றாள் கடைசியில். “ரெண்டு தபா கைய வச்சிட்டியாமே.”

“அவன் சொல்லிட்டானா?” வேம்புலி பாட்டிலின் மூடியைத் தடவித் திருகி மூடினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “மூணு தபா. ஒண்ண அவன் பாக்கல.”

அவள் எழுந்தாள். “வா.”

“எங்க?”

“கண்ணாஸ்பத்திரிக்கு. பக்கத்துலதான் கீது.”

“அத்துக்குத்தான் இட்டுகினு வந்தியா என்ன?” அவன் குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் எழுந்து நின்று அவள் பக்கம் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீதியில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். புதுசாகக் கல்யாணமானவர்கள் பட்டணம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

7

டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்பதில் ஒரு மாதம் சிக்கிக் கிடந்தேன்.

ஒரு வரைவில், ‘வெறும் சத்துக் குறைவுதான், கீரையும் பப்பாளியும் சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லவைத்தேன். கதை பிழைத்தது. ஆனால் நான் விசாரித்த டாக்டர் படித்துவிட்டு, “சத்துக் குறைவுல ஓரம் இப்படிப் போகாதுங்க” என்றார். இன்னொரு வரைவில் ஆஸ்பத்திரி வாசலிலேயே வேம்புலி கையை உதறிவிட்டு ஓடிப்போனான். அதை எழுதி முடித்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. டாக்டரின் வார்த்தையை எழுத வேண்டாமல் போயிற்றே. அந்த ஆறுதலுக்காகவே அதைக் கிழித்தேன்.

அவர்கள் உள்ளே போனார்கள். கண்ணில் மருந்து விட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா இளவயசுக்காரர். பொறுமையாகப் பேசினார்.

“கண்ணுக்குப் பின்னாடி திரை மாதிரி ஒண்ணு இருக்கு. அது ஓரத்துலேர்ந்து கெட்டுக்கிட்டு வருது. நடுவுல இன்னும் நல்லாருக்கு, அதனாலதான் தூரத்து எழுத்தெல்லாம் படிக்கிறார். உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?”

“எங்கப்பா அக்கா மகளத்தான் கட்டிகினாரு,” என்றான் வேம்புலி.

“இதுக்கு இப்போதைக்கு மருந்து இல்லம்மா. நடுப்பார்வை பல வருஷம் இருக்கும். ஆனா மிஷின்ல வேலை செய்யவே கூடாது. நாளைக்கே நிறுத்தணும்.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “பிள்ளைங்க இருக்காங்களா? ஒருதரம் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அங்கம்மா எதற்கென்று கேட்கவில்லை. ராணி ஒருநாள் விளக்கு வைத்தபிறகு சொம்பில் இடறி விழுந்தது ஞாபகம் வந்தது. எல்லாப் பிள்ளையும்தான் விழுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படியிறங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

8

ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது அவர்கள் ஏன் பேசவில்லை என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

ஆவடியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மருந்து விட்ட கண் வேறு. வேம்புலிக்கு ஒன்றுமே தெரியவில்லை. அங்கம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கோவில்பதாகை ரோட்டில் நடந்தாள். மேடு வந்தால் சொன்னாள், பள்ளம் வந்தால் சொன்னாள்.

“நாளிக்கு வேலைக்குப் போவாதே,” என்றாள்.

“போவாம? ஊட்ல குந்திகினு?”

“நானும் எங்கனா வேலைக்குப் போறேன். எஸ்டேட்ல பொம்பளைங்கள எடுக்கறாங்கோ.”

“ஒரு மாசம் பொறு. அதுக்குள்ள வேற எதனா பாக்கறேன். மொதலாளி காதுல பூட்ச்சின்னா ஒரு நாள்கூட வச்சிக்க மாட்டான்.”

“ஒரு மாசமா? மூணு தபான்னு நீதான்யா சொன்ன!”

 அப்போதுதான் எதிரே சைக்கிள் மணி கேட்டது. மேஸ்திரி வரதன். பக்கத்துத் தெருக்காரர். கெட்டவர் இல்லை. வேம்புலியை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரே அவர்தான். ஒரு காலை ஊன்றி சைக்கிளை நிறுத்தினார். வேம்புலி மணி கேட்ட பக்கத்துக்குக் கொஞ்சம் விலகிப் பார்த்துச் சிரித்தான்.

வரதன் அவனைப் பார்த்தார். கோத்திருந்த கைகளைப் பார்த்தார்.

“இன்னாம்மா, லீவு உட்டா இதான் வேலையா? ஏத்திகினானா இன்னிக்கும்?”

வேம்புலி அவள் கையை இறுக்கிப் பிடித்தான்.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். ‘ஆமாண்ணா’ என்று அவளைச் சொல்லவைத்துப் பார்த்தேன். வரதன் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார். வேலை தங்கும். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும், வேம்புலி பிரஸ்ஸின் முன்னால் போய் நிற்பான். ‘இல்லண்ணா, அவுருக்குக் கண்ணு’ என்று தொடங்கவைத்துப் பார்த்தேன். வரதன் நல்லவர் என்பதாலேயே கம்பெனியில் மறைக்க மாட்டார். விரல் தப்பும். அடுத்த மாதம் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியாது. தன்னை வெளியே காட்டிக்கொடுத்தவளோடு வேம்புலி எப்படி வாழ்வான் என்பதும் தெரியாது. மூன்றாவதாக ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டால் இந்தக் கதையை நானே முடித்துவிடுவேன். வருஷங்கள் போய்விட்டன. கண்டுபிடிக்கவில்லை.

வரதன் இன்னும் ஒரு காலை ஊன்றியபடி நிற்கிறார். இருட்டிக்கொண்டு வருகிறது. அங்கம்மாவின் இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அவன் கை உங்கள் கைக்குள் இருக்கிறது, ஐந்து விரலோடும்.